பூஜையில் இருந்த ஒட்டகம்

போன மாதம் என் அண்ணன் மகள் படிக்கிற பள்ளியில் ஒரு விழா. கள்ளக்குறிச்சியில் இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் கட்டுகிறவர்கள் முதலில் வாசல் வளைவைக் கட்டிவிடுகிறார்கள், வகுப்பறையைப் பிறகு பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வளைவே மறைகிற மாதிரி ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. 'ஏழு கதவு மலை: அறமும் ஆன்மிகமும்' என்று தங்க நிறத்தில் எழுத்து. அதற்குக் கீழே பேச்சாளர் கைகட்டி நின்றார். அவர் தலைக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. நான் அங்கே போனதற்குக் காரணம் அறமும் இல்லை, ஆன்மிகமும் இல்லை. அண்ணி ஊரில் இல்லை, குழந்தையோடு உட்கார ஆள் வேண்டியிருந்தது.

மேடையில் ஒரு நாற்காலி, அதில் பட்டுத்துணி, துணிமேல் ஒரு புத்தகம். புத்தகத்துக்குச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பேச்சாளர் வந்ததும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரையில் படம் போட்டார். "இந்தக் கதையில் வருகிற ஒட்டகத்துக்கு ஏன் மூன்று கால்? என்றைக்காவது யோசித்தீர்களா? மனம், வாக்கு, காயம்!" என்றார். அரங்கமே கை தட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வரும் பாருங்கள், அந்த வகைச் சிரிப்பு. அண்ணன் மகள் என் தொடையில் கிள்ளினாள். "அத்த, சும்மா இருங்க. மிஸ்ஸு பாக்கறாங்க."

நான் என்ன செய்வேன்? அந்த ஒட்டகம் நான்காவது காலை எங்கே விட்டது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் புத்தகத்தைப் படித்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். மைக்கைக் கையில் பிடித்திருந்தவருக்குத்தான் தெரியவில்லை.

விழா முடிந்ததும் மேடை ஏறிப் போய் அந்தப் புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். வயதானால் வெட்கம் குறைகிறது, அது ஒரு வசதி. சந்தனம் காகிதத்தில் ஊறினால் ஒரு வாசனை வரும். கோயில் வாசனையும் இல்லை, புத்தக வாசனையும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்ட வாசனை. அது என்னைக் கொண்டுபோய்த் தியாகதுருகத்தில் நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் நிறுத்திவிட்டது.

அந்தப் பள்ளியில் நூலகம் என்று தனியாகக் கிடையாது. தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ. மேல் தட்டில் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகள், யாரும் தொடாமல் புத்தம் புதிதாக இருக்கும். கீழ்த் தட்டில் ஏழு கதவு மலை, ஏழு பாகம், நைந்து நாராகிக் கிடக்கும். எழுதியவர் பெயர் இருந்த அட்டை ஓரம் கிழிந்துபோயிருந்தது. எழுதியவர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. மழை யார் எழுதியது என்று கேட்போமா?

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூவரசி என்று ஒரு பெண், அவளுக்கு ஒரு தம்பி. ஊருக்குப் பின்னால் ஒரு மலை, மலையில் ஏழு கதவுகள். பாகத்துக்கு ஒரு கதவு திறக்கும். எங்கள் ஊரிலும் கோட்டை மலை இருந்ததால் இதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கதவு எந்தப் பாறையில் இருக்கிறது என்பதில்தான் சண்டை. அக்காவுக்கும் தம்பிக்கும் வழிகாட்ட மூன்று கால் ஒட்டகம் ஒன்று வரும். சரியான வாயாடி. வெற்றிலை போடும், வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் திட்டும், தூங்கும்போதும் திட்டும். அது கடவுளாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எங்கள் தெருவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரின் ஞாபகம்தான் வந்தது.

ஒரு கதவுக்குள் பொய் சொன்னால் வாயிலிருந்து பறவை பறக்கும் ஊர். இதிலிருந்து 'பொய் சொல்லக் கூடாது' என்ற நீதியை நீங்கள் எடுக்கலாம். எடுத்தவர்கள் இருக்கிறார்கள், எடுத்து மாலையும் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் எடுத்தது வேறு. அந்த அத்தியாயம் வகுப்பில் பரவிய வாரம் முழுக்க எல்லோரும் வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டு, ஒருவர் வாயை ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு அழகான பறவைகள் அவை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் புத்தகம் கொடுப்பார்கள். பியூன் கோவிந்தண்ணன் வாசலில் நின்றுகொண்டு கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். மாங்காய்ப் பிசுபிசுப்பு தெரிந்தால் குழாயடிக்குத் துரத்திவிடுவார். பெஞ்சு வரிசைப்படி முறை. ஒரு பாகம் ஒருவரிடம் ஒரு வாரம் இருக்கும். நான் திருப்பிக் கொடுத்தால் அது அஞ்சலைக்குப் போகும்.

அஞ்சலை என் பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தவள். இது அவள் நிஜப் பெயர் இல்லை. ஏன் மாற்றினேன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும். அவள் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். சர்க்கரை மில் திறந்தால் கும்பலோடு கிளம்பிவிடுவார்கள். வெட்டு முடிகிறவரை வயலோரத்தில் குடிசை போட்டு இருப்பார்கள். எங்கள் வீட்டுக் கரும்பையும் அந்தக் கும்பல்தான் வெட்டும், அதை நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டதில்லை. அவள் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். கணக்கில் என்னைவிட மோசம், அது லேசுப்பட்ட சாதனை இல்லை. ஆனால் கதைப் புத்தகம் படித்தால் உதடு அசையாது, கண் இமைக்காது. சில பக்கங்களில் அப்படியே நின்றுவிடுவாள்.

நான்காம் பாகத்தில் நின்றாள். அந்தக் கதவுக்குள் ஒரு சந்தை வரும். பூவரசி கண்ணாடி வளையலுக்கு ஆசைப்பட்டு, தம்பியை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவாள். திரும்பி வந்தால் தம்பியைக் காணோம். தேடிக் கண்டுபிடிப்பாள். ஆனால் அவனுக்கு ஒரு கண்ணில் பார்வை போயிருக்கும். என்ன நடந்தது என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. 'நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்' என்று அவள் சொல்லிவிடுவாள், அவனும் நம்பிவிடுவான். ஒட்டகத்துக்கு மட்டும் தெரியும். அது அவளைத் திட்டாது. எப்போதும் வாயாடுகிற ஒட்டகம் ஒரு அத்தியாயம் முழுக்க அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் நடக்கும். அவ்வளவுதான். தண்டனை கிடையாது, அறிவுரை கிடையாது. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் யாரோடும் சண்டை போடவில்லை, என் சரித்திரத்தில் அது ஒரு தடவைதான்.

ஒரு மத்தியானம் சோற்று டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது அஞ்சலை கேட்டாள். "ஏழாவதுல தம்பிகிட்ட சொல்லிடுவாளாடீ?"

"யாரு?"

"பூவரசிதான். அங்க இல்லன்னு சொல்லிடுவாளா?"

நான் அப்போது ஏழாம் பாகத்தை வாங்கியிருக்கவில்லை. தெரியாது என்றேன். அவள் டப்பாவைக் கழுவி முடித்து, கழுவின டப்பாவையே மறுபடி கழுவினாள். பிறகு சொன்னாள். "எங்க தம்பிக்குக் கை கோணலா இருக்குதில்ல. தூளியிலேர்ந்து வுழுந்துட்டான்னு அம்மாவுக்குத் தெரியும். நான் அங்க இல்லன்னு தெரியாது. என்னக் காவலுக்கு வெச்சிட்டு வெட்டப் போய்ட்டாங்க. நான் எலந்தப்பழம் பொறுக்கப் போய்ட்டன். யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. பெயரை மாற்றிவிட்டு இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இந்த நிலையில்தான் ஊரில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர் பெரிய சாரைப் பார்க்க வந்தார். தலைமையாசிரியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அரிசி மில்காரரின் பையன் காலாண்டில் எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டிருந்தான். அதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? "இன்னா சார் இது, மாயம் மந்திரம்னு பொஸ்தகம் குடுத்துக்கினு இருக்கீங்க? புள்ளைங்க கெட்டுப் போவுதுங்க சார். நாலு நல்லது சொல்ற பொஸ்தகமா குடுங்க." உண்மையில் அந்தப் பையன் ஏழில் ஒரு பாகத்தைக்கூடத் தொட்டவன் இல்லை. அவன் கையில் மாங்காய்ப் பிசுபிசுப்பு ஓய்ந்ததே இல்லை.

பெரிய சார் நல்லவர். நல்லவர்களால் வருகிற கேடு தனி ரகம், அதை யார் தலையிலும் போட முடியாது. அவர் 'கதைதானே, பசங்க படிச்சிட்டுப் போறாங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்துவிட்டார். "இல்லீங்க, மேலோட்டமாப் பாத்தா அப்படித் தெரியும். உள்ள பெரிய தத்துவம் இருக்குதுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் கெட்டது எங்கள் குடி.

தத்துவம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று. இனி அதை நிரூபிக்க வேண்டும். அந்த வருஷம் சரஸ்வதி பூஜையைப் பெரிய சார் பெரிதாக ஏற்பாடு செய்தார். கதாகாலட்சேபம் செய்கிற ஒருவரை வரவழைத்தார். உள்ளூர்ப் புலவர் ஒருவரையும் கூப்பிட்டார். அரிசி மில்காரருக்கு முன்வரிசையில் நாற்காலி. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஏழு பாகங்களையும் அடுக்கினார்கள். பொரியும் கடலையும் எப்போது தருவார்கள் என்று நாங்கள் தரையில் காத்திருந்தோம்.

காலட்சேபக்காரர் முதலில் ஆரம்பித்தார். தர்மதேவதைக்குக் கிருத யுகத்தில் நான்கு கால், திரேதா யுகத்தில் மூன்று கால். ஆகவே இந்த ஒட்டகம் சாட்சாத் தர்மம். அடுத்து எழுந்த புலவருக்கு அது போதவில்லை. மூன்று கால் என்பது இயல், இசை, நாடகம். ஆகவே ஒட்டகம் தமிழ். தமிழ் ஏன் வெற்றிலை போடுகிறது என்று அவர் விளக்கவில்லை. கடைசியில் பெரிய சார் எழுந்தார். மாதா, பிதா, குரு, இவை மூன்று கால்கள். நான்காவது கால் தெய்வம். தெய்வம் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. அதனால்தான் அந்தக் கால் தெரியவில்லை! அரிசி மில்காரர் எழுந்து நின்றே கை தட்டினார். மூன்று பேரில் ஒருவரும் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் இவ்வளவு தைரியம் வந்திருக்காது.

பேசி முடித்த மகிழ்ச்சியில் பெரிய சார் எங்களைப் பார்த்து, "ஒட்டகத்துக்கு ஏன் மூன்று கால், இப்ப யார் சொல்றீங்க?" என்று கேட்டார். பதில் தெரிந்தால் கை தூக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அஞ்சலை கை தூக்கினாள்.

"பந்தயத்துல போச்சு சார். ரெண்டாம் பாகத்துல வருது சார். கெடா சண்டையில அது காலப் பந்தயம் கட்டித் தோத்துடும் சார். பணம் இல்லன்னு."

மொத்தப் பிள்ளைகளும் சிரித்தோம், அந்த இடம் அவ்வளவு பிரமாதமாக இருக்கும். தோற்றுவிட்டு ஒட்டகம் கிடாவின் பரம்பரையையே திட்டும். நாங்கள் நிறுத்தாமல் சிரித்தோம். மேடையில் மூன்று முகமும் ஒரே மாதிரி ஆயின. தர்மமும் தமிழும் மாதா பிதா குருவும் கிடா சண்டையில் தோற்றுப்போன நேரம் அது.

அப்போதுதான் பெரிய சார் அந்த முடிவை எடுத்தார். கோபமாகக்கூட இல்லை, உருக்கமாகச் சொன்னார். பக்குவம் இல்லாத வயதில் படித்தால் இப்படித்தான் வெளித்தோல் மட்டும் தெரியும். இவை சாதாரணக் கதைகள் அல்ல, ஞான நூல்கள். இனிமேல் உட்பொருளை ஒருவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கையில் தர வேண்டும். காலட்சேபக்காரர் தன் கையால் ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் தடவினார். அட்டை மட்டும் போதாதென்று உள்ளே முதல் பக்கத்திலும் தடவினார். கற்பூரம் காட்டினார்கள். ஏழையும் சரஸ்வதி படத்தோடு கண்ணாடி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

ஏழாம் பாகத்தை நான் அதற்கு முந்தின நாள்தான் படித்து முடித்துக் கொடுத்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அது அஞ்சலை கைக்கு வந்திருக்க வேண்டும்.

பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமியன்று மறுபடி கற்பூரம் காட்டி, லேசாக அசைத்து எடுக்க வேண்டும். எடுத்து ஒரு வரியாவது படிக்க வேண்டும். அசைத்தால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் அதைப் பெரிய சார் செய்வார். அந்த வருஷம் பார்த்து அன்றைக்குக் காலையில் அவர் உறவில் ஒரு சாவு. பீரோ சாவியோடு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தார், ஆனால் தீட்டு இருந்தது. தீட்டு கழிவதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிட்டது, உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு. புதிதாக வந்தவர் சாவியை வாங்கிக்கொண்டார். பூஜையை வாங்கிக்கொள்ளவில்லை.

நானும் அஞ்சலையும் போய் அவரிடம் கேட்டோம். அவர் கோவிந்தண்ணனைப் பார்த்தார். கோவிந்தண்ணன் கையைப் பிசைந்தார். "பூஜையில இருக்கறத நடுவுல எடுக்கக் கூடாதுங்க சார். வெச்சவரு வந்து அசைக்கணும். இல்லன்னா தோஷம்ங்க." புதியவருக்குப் பெண் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தோஷம் என்ற சொல் அந்த வீட்டில் என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "அடுத்த வருஷ பூஜைக்குப் பாத்துக்கலாம், போங்கம்மா" என்றார். அடுத்த வருஷமும் பூஜை நடந்தது, வேறு புத்தகங்களை முன்னால் வைத்து. பழைய அடுக்கை ஒருவரும் தொடவில்லை. இருக்கிற பூஜைக்கு மேல் பூஜை செய்யலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

மாயம் மந்திரம் என்று பயந்தவர் அரிசி மில்காரர். புத்தகத்தைத் தொட்டால் குடும்பத்துக்குக் கேடு என்று பயந்தவர்கள் அவரிடமிருந்து அதைக் காப்பாற்றியவர்கள். இரண்டில் எது மூடத்தனம் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. இதற்குத்தான் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்ல முடியுமா?

அந்த மாதங்களில் அஞ்சலை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போவாள். சாக்பீஸ் வாங்க, மணி பார்க்க, பதிவேடு கொடுக்க. கண்ணாடி வழியாக ஏழாம் பாகத்தின் முதுகு தெரியும். அதைப் பார்த்துவிட்டு வருவாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் படிச்சிட்டனே. சொல்லவாடீ?" என்றேன்.

"வேணாம். நீ சொன்னா அது நீ சொன்னதாயிடும். நானே படிச்சாதான்."

மார்கழியில் சர்க்கரை மில் திறந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்த கடைசி நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நாளைக்கிக் கெளம்பறோம். சித்திரையில வந்துடுவன். அதுக்குள்ள எடுத்துடுவாங்க இல்ல?" என்று கேட்டாள். எடுத்துவிடுவார்கள் என்றேன். அவள் சித்திரையில் வரவும் செய்தாள். ஆனால் ஊருக்குத்தான் வந்தாள், பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

கதையில் நீதி கேட்கிற வியாதி பள்ளிக்கூடத்தோடு முடியவில்லை. கள்ளக்குறிச்சியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஊக்கம் கொடுக்கிறவர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, பால் பானையில் விழுந்த இரண்டு தவளைகளின் கதையைச் சொன்னார். ஒன்று முயற்சியை விட்டது, செத்தது. இன்னொன்று நீந்தி நீந்தி வெண்ணெயாக்கி வெளியே குதித்தது. "இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது?" என்றார். எங்கள் சீனியர் ஒருவர் எழுந்து, "பானைய மூடி வெக்கணும்னு தெரியுதுங்க" என்றார். அவர் ஓய்வு பெறுகிறவரை அவர்மேல் எனக்கு மரியாதை குறையவே இல்லை.

சரி, விழாவுக்கு வருகிறேன். அரங்கத்துக்கு வெளியே மேசை போட்டு அந்தப் புத்தகத்தை விற்றார்கள். ஏழு பாகத்தையும் ஒரே நூலாகச் சுருக்கி, 'வளரும் தலைமுறைக்கேற்ப' செம்மைப்படுத்திய பதிப்பாம். அஞ்சலைக்கு என்று ஒன்று வாங்கினேன். அவள் இப்போது மலைமேல் கரியாலூரில் இருக்கிறாள். கட்டிக்கொண்டவர் மலையில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றும் வண்டி ஓட்டியவர், அப்படியே அங்கே தங்கிவிட்டார்கள். அருவிக்குப் போகிற வழியில் அவளும் தம்பியும் சேர்ந்து ஒரு பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு வருஷம் அலுவலகத்தில் சுற்றுலா போனபோது கண்டுபிடித்தேன். அதிலிருந்து அவ்வப்போது போவேன், பேசுவோம், பஜ்ஜி தின்பேன். புத்தகப் பேச்சை அவளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

பழைய பாகங்களே கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தியாகதுருகத்தில் விசாரித்தேன். கோவிந்தண்ணன் ஓய்வு பெற்று, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மகன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். "அத ஏம்மா கேக்கற. கரையான் புடிச்சிடுச்சி. புதுக் கட்டடம் கட்டறப்ப பீரோவ ஒடச்சித்தான் எடுத்தம். பூஜையில இருந்த பொஸ்தகமாச்சே, பழைய பேப்பருக்குப் போட முடியுமா? ஐயர வெச்சி மந்திரம் சொல்லி மணிமுக்தா ஆத்துல வுட்டுட்டம்." மரியாதை செய்துவிட்டோம் என்கிற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தாலாவது வேர்க்கடலைப் பொட்டலமாக வந்து யாராவது இரண்டு பக்கம் படித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மலை பஸ் பிடித்தேன். கச்சிராயபாளையம் தாண்டுகிறவரை புதுப் பதிப்பைப் புரட்டினேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கட்டம், அதற்குள் 'நாம் அறிவது'. ஒரு கதவுக்குள் நிழலை வாடகைக்கு விடுகிற ஊர் வரும், அதிலிருந்து நாம் அறிவது சிக்கனம். ஒட்டகம் பிறவியிலேயே மூன்று காலோடு பிறந்துவிட்டது, கிடா சண்டை கிடையாது, வெற்றிலையும் கிடையாது. நான்காம் கதவில் தம்பி காணாமல் போகிறான், உடனே கிடைக்கிறான், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் அறிவது: ஆடம்பரப் பொருள்களுக்கு ஆசைப்படக் கூடாது. ஒட்டகம் பேசாமல் நடக்கிற அத்தியாயமே இல்லை. அந்த மௌனத்தைக் கட்டத்துக்குள் அடைக்க முடியவில்லை போலும். கடைசி அத்தியாயத்தைத் தேடினேன். அதற்குப் பதிலாக 'வாழ்க்கை உயர ஏழு படிகள்' என்று வரிசை எண் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் படி அதிகாலையில் எழுவது.

மலை ஏறும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது, கவலை இல்லை. ஆற்றில் விட்டால் என்ன, வெட்டி எறிந்தால் என்ன? நான் படித்திருக்கிறேனே. இந்த வட்டாரத்தில் ஏழாம் பாகத்தை முடிவுவரை படித்த ஆள் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று ஒரு கர்வம்கூட இருந்தது. வளைவுக்கு வளைவு பஸ் திரும்பத் திரும்ப நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கடையில் கூட்டம் இல்லை. தம்பி வாணலியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கோணல் கை சட்டுவக்கரண்டியை அதன் போக்கில் லாகவமாகப் பிடித்திருந்தது. "வாங்கக்கா, இன்னா திடீர்னு?" என்றான். அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. ஒரு கட்டத்தை விரல் வைத்துப் படித்தாள், இன்னொன்றைப் படித்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"இன்னாடீ இது, ரேஷன் கடை போர்டு மாதிரி? இதுல கதயக் காணோமே."

"எடுத்துட்டானுங்க. அவனுங்களுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன். பேச்சாளர், சூரியன், மாலை எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். அவள் அதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. தம்பி குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனான். அவன் வளைவு தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்தாள்.

"நீ படிச்சயில்ல. இப்ப சொல்லு."

"அன்னிக்கி வேணான்னு சொன்ன?"

"அன்னிக்கி சின்னப் புள்ள. இனிமே நானே படிக்க எங்க போறது? நீயே சொல்லு. கடைசில தம்பிகிட்ட சொல்லிட்டாளா?"

வாயைத் திறந்தேன். எங்கள் வீட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து படித்தது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ விட்ட குழம்புக் கறை ஞாபகம் வந்தது. ஏழாவது கதவு, அதற்கு முன்னால் அக்காவும் தம்பியும், கொஞ்சம் தள்ளி ஒட்டகம். பூவரசி தம்பியைத் திருப்பி அவன் முகத்தைப் பார்க்கிறாள். அதுவரை வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மேடையில் பேசினவர்கள் சொன்ன குப்பையெல்லாம் வரிக்கு வரி தலையில் இருக்கிறது, இது இல்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். திறந்தபோது அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சிட்டு அழுதன்டீ. எங்கம்மா ஓடியாந்து இன்னாடீ ஆச்சுன்னு கேட்டாங்க. அது நல்லா ஞாபகம் இருக்குது."

"எதுக்கு அழுத? சொல்லிட்டான்னா, சொல்லலன்னா?"

"தெரியலடீ."

அவள் திட்டியிருக்கலாம். எனக்கு அது எவ்வளவோ தேவலாம். கையைக் கழுவிக்கொண்டு மாவைக் கலக்க ஆரம்பித்தாள். தம்பி குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. எண்ணெய் ஆறிப்போச்சு, அடுப்பத் தூண்டு" என்றாள்.

கடைசி பஸ்ஸில் இறங்கி வந்தேன். எழுதியவர் பெயர் முதலில் போயிற்று, பிறகு புத்தகம் ஆற்றில் போயிற்று, கடைசியில் என் தலையிலிருந்து அந்த ஒரு பக்கமும் போய்விட்டது. அதில் ஒரு அக்கா தன் தம்பியிடம் சொல்லியிருப்பாள், அல்லது சொல்லாமல் விட்டிருப்பாள். அஞ்சலை இன்னும் சொல்லவில்லை.